லட்ஸோ ஃபிளிப்போ? சுத்தை எண்ணாதேங்கோ, காலைப் பாருங்கோ

வடலி (கொக்குவில்)

"விழுந்தெழும்பினவன் எப்பிடி விழாதவனுக்கு மேல வந்தவன்? நடுவருக்குக் கண் தெரியாதோ?" ஃபிகர் ஸ்கேட்டிங், அதாவது பனிக்கட்டியில சறுக்கிப் பாஞ்சு சுத்துற போட்டி, பற்றின எங்கட இழையில ஒவ்வொரு சீசனும் இந்தக் கேள்வி வருது. கேக்கிறவையைக் குறை சொல்லேலாது. டிவிக்காரன் காட்டுறது ஆகாயத்தில சுத்துறதையும் பனியில விழுறதையும்தான். ஆனா ஒரு பாய்ச்சல் உருப்படுமோ இல்லையோ எண்டது கால் பனியை விட்டுக் கிளம்புற அரைச் செக்கனுக்குள்ளை முடிஞ்சிடும். அங்கை பார்க்கப் பழகினா, நடுவரின்ரை புள்ளித் தாளில குறி விழ முந்தியே நீங்கள் சொல்லிப்போடலாம்.

முதல்ல பிளேட், சப்பாத்துக்கு அடியில பூட்டுற தகடு. தடிப்பு ஏறக்குறைய 4 மில்லிமீற்றர். அடிப்பக்கத்தில நீளத்துக்கு ஒரு பள்ளம் ஓடும். பள்ளத்தின்ரை ரெண்டு கரையும்தான் எட்ஜ்: பெருவிரல் பக்கம் உள் எட்ஜ், சுண்டுவிரல் பக்கம் வெளி எட்ஜ். நுனியில வாள்ப் பல்லுப் போல இருக்கிறது டோ பிக். சைக்கிளில வேகமா வந்து ஒழுங்கை முடக்கில திரும்பேக்கை உடம்பு தானாச் சாயுதெல்லே, அந்தச் சாய்வுதான் எட்ஜ். சாயாமல் நேரா நிண்டா பிளேட் நேர்கோட்டில போகும், பாய்ச்சலுக்கு வளைவு கிடையாது.

இனி ஆறு பாய்ச்சல். இடஞ்சுழியாச் சுத்துறவையை வைச்சுச் சொல்லுறன், கனபேர் அப்பிடித்தான். முகத்தை முன்னுக்குக் காட்டிக்கொண்டு கிளம்பினா அது ஆக்ஸல், வேற ஒண்டும் அப்பிடிக் கிளம்பாது. அதாலைதான் அதுக்கு அரைச் சுத்துக் கூட. மிச்ச அஞ்சும் பின்னோக்கிப் போய்க் கிளம்புறது. அதில பல்லுக் குத்தாமல் கிளம்புறது ரெண்டு. இடக்கால் உள் எட்ஜில நிண்டு வலக்காலை வீசிச் சுத்தினா சால்கோ. வலக்கால் வெளி எட்ஜில, கதிரையில இருக்கப் போற மாதிரிக் குந்திக் கிளம்பினா லூப். பல்லுக் குத்திறது மூண்டு. இடக்கால் பல்லுக் குத்தினா டோ லூப். வலக்கால் பல்லுக் குத்தினா ஃபிளிப் அல்லது லட்ஸ்.

சிக்கல் இந்தக் கடைசி ரெண்டிலதான். ரெண்டுக்கும் இடக்காலில பின்னுக்குப் போய் வலக்காலைக் குத்திறது. ஃபிளிப்புக்கு இடக்கால் உள் எட்ஜ், லட்ஸுக்கு வெளி எட்ஜ். ஃபிளிப்பில வளைவும் சுத்தும் ஒரே திசை. லட்ஸில வளைவு வலஞ்சுழி, சுத்து இடஞ்சுழி. உடம்பு ஒரு பக்கம் இழுபட்டுக்கொண்டு போகேக்கை அதை மறுபக்கம் திருப்பிக் கிளப்ப வேணும். கஷ்டமும் அதாலைதான், புள்ளி கூடவும் அதாலைதான்.

நீளமா மூலையை நோக்கிப் பின்னுக்குப் போறவையைக் கண்டா "லட்ஸ் வருது" எண்டு சொல்லலாம். ஆனா கண்ணை இடக் கணுக்காலை விட்டு எடுக்கக் குடாது. வலக்கால் பின்னுக்கு எழும்பிப் பனியைக் குத்தப் போற அந்தக் கடைசிக் கணத்தில, கனபேருக்கு இடக் கணுக்கால் உள்ளுக்கு மடிஞ்சு போகும். கீறு நேராகி, மற்றப் பக்கம் வளையத் தொடங்கும். அது பேருக்கு லட்ஸ், செய்தது ஃபிளிப். ரசிகர் வட்டாரத்தில 'ஃபிளட்ஸ்' எண்டு சொல்லுறது இதைத்தான்.

தட்டிவான் (சாவகச்சேரி)

எல்லாம் விளங்குது அண்ணை. ஆனா எட்ஜ் மாறினா என்ன நட்டம்? விழேல்லைத்தானே. பேந்தென்ன, கை தட்டிவிட்டுப் போறது.

கடலேறி (பருத்தித்துறை)

தம்பி, நட்டத்தைக் கணக்கில பாப்பம்.

மூண்டு சுத்து லட்ஸுக்கு அடிப்படைப் புள்ளி 5.9. எட்ஜ் தெளிவாப் பிழை எண்டு தொழில்நுட்பக் குழு 'ஈ' எழுத்துப் போட்டா அதில 80 வீதம்தான், 4.72. அதுக்குப் பிறகு நடுவர் தரப் புள்ளி போடுவினம்: −5 இலயிருந்து +5 வரை, ஒவ்வொரு படியும் அடிப்படையில 10 வீதம். எட்ஜ் பிழைக்கு −2 வந்தா இன்னும் 0.94 போகும். மிச்சம் 3.78.

ஆறு பாய்ச்சலிலும் விலை குறைஞ்சது டோ லூப், மூண்டு சுத்துக்கு 4.2. அதைச் சுத்தமாச் செய்து +3 எடுத்தா 5.46. அதாவது ஃபிளட்ஸ் செய்யிறவருக்கு அந்த இடத்தில டோ லூப் செய்தாலே லாபம். ஏன் செய்யினமில்லை எண்டா, ஒரே பாய்ச்சலைத் திரும்பத் திரும்பச் செய்ய விதி விடாது. அதைப் பிறகு சொல்லுறன்.

சந்தேகமான எட்ஜுக்கு '!' குறி. அதுக்கு அடிப்படை குறையாது, தரப் புள்ளியில மட்டும் அடி விழும்.

இப்ப உங்கட "விழுந்தவன் மேல வந்த" கேள்வி. நாலு சுத்து லட்ஸ் 11.5. முழுசாச் சுத்தி விழுந்தா தரப் புள்ளி −5, அதாவது 5.75 போகும். விழுந்ததுக்குத் தனியா இன்னும் 1. மிச்சம் 4.75. அதே ஆள் அடுத்ததா நாலு சுத்து ஃபிளிப் சுத்தமாச் செய்து +3 எடுத்தா 14.3. ரெண்டும் சேர்த்து 19.05. விழாதவர் மூண்டு சுத்து லட்ஸும் ஃபிளிப்பும் ரெண்டுக்கும் +3 எடுத்தா 7.67 உம் 6.89 உம், மொத்தம் 14.56. விழுந்தவர் நாலரைப் புள்ளி முன்னுக்கு. நடுவருக்குக் காசு குடுக்கத் தேவையில்லை, கூட்டல் தெரிஞ்சாக் காணும்.

ஆனா இது சுத்து முடிஞ்சு விழுந்தா மட்டும்தான். கால் வட்டத்துக்கு மேல, அரை வட்டத்துக்கு உள்ள குறைஞ்சா '<' குறி: அடிப்படை 9.2 ஆகி, விழுந்த கணக்குக் கழிச்சா 3.6. அரை வட்டமோ அதுக்கு மேலயோ குறைஞ்சா '<<': நாலு சுத்தை மூண்டு சுத்தாத்தான் எண்ணுவினம். விழுந்தும் இருந்தா 1.95 தான் மிச்சம். ஒரே விழுகை, ஒருத்தருக்கு 4.75, இன்னொருத்தருக்கு 1.95. டிவியில ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

தட்டிவான்

கூட்டல் விளங்கீட்டுது. அப்ப அந்தத் தரப் புள்ளியை ஆர் போடுறது? ஒரு நடுவர் தன்ரை நாட்டுப் பெட்டைக்கு +5 போட்டா?

கடலேறி

போடலாம். ஒன்பது நடுவர். ஒவ்வொரு அங்கத்துக்கும் (பாய்ச்சல், சுழற்சி, அடிவைப்பு) ஆகக் கூடினது ஒண்டு, ஆகக் குறைஞ்சது ஒண்டு தூக்கி எறிஞ்சிட்டு மிச்ச ஏழின்ரை சராசரிதான் எடுக்கிறது. 3, 3, 2, 4, 3, 3, 1, 3, 4 எண்டு வந்தா அந்த 1 உம் ஒரு 4 உம் போகும், மிச்சம் 21, ஏழால பிரிச்சா 3. தனி ஒரு ஆள் ஆட்டம் காட்டிப் பெரிசா ஒண்டும் நடக்காது. ரெண்டு மூண்டு பேர் ஒத்துப் பேசினாத்தான் பிரச்சினை. 2002 சோல்ட் லேக் சிற்றியில ஜோடிப் பிரிவில நடந்தது அந்தக் கதைதான். ரஷ்ய ஜோடிக்குத் தங்கம் குடுத்து, பிரெஞ்சு நடுவரின்ரை விவகாரம் வெளியில வந்தாப் பிறகு கனடாக்காரருக்கும் இன்னொரு தங்கம் குடுத்தினம். ஆறுக்குப் புள்ளி போடுற பழைய 6.0 முறை ஒழிஞ்சு இந்த முறை வந்ததே அந்த வில்லங்கத்தாலைதான்.

எட்ஜ், சுத்துக் குறை, சுழற்சி (ஒரே இடத்தில நிண்டு சுத்துறது) கஷ்டத்தில எத்தினையாம் படி எண்டதெல்லாம் நடுவரின்ரை வேலையில்லை. அதுக்குத் தனியாத் தொழில்நுட்பக் குழு, மூண்டு பேர். அவையள் மெதுவா ஓட்டிப் பார்க்கலாம். சந்தேகம் எண்டா ஸ்கேட்டருக்குச் சாதகமா விட வேணும் எண்டது விதி. கிரிக்கெட்டில சந்தேகத்தின்ரை பலனைத் துடுப்பாட்டக்காரருக்குக் குடுக்கிற மாதிரி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

அரிக்கன்லாம்பு (மானிப்பாய்)

காலைப் பார், காலைப் பார் எண்டுறியள். காலுக்குக் கீழ கிடக்கிற பனியையும் பார்க்க வேணும்.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக். யப்பான்காரர் யுசுரு ஹன்யு, 2014 இலும் 2018 இலும் ஒலிம்பிக் தங்கம். முதல் நாள் ஓடுற குறும் நிகழ்ச்சியில முதல் பாய்ச்சல் நாலு சுத்து சால்கோ. கிளம்புற இடக்கால் பனியில ஏற்கெனவே கிடந்த ஒரு குழிக்குள்ள மாட்டுப்பட்டுது. குழி எண்டா டோ பிக் குத்திக் கிளம்பின இடத்தில விழுற சின்னப் பொத்தல். சால்கோ எட்ஜாலை கிளம்புறது, எட்ஜ் பிடிக்க ஓரங்குலம் நல்ல பனி வேணும். அது கிடைக்கேல்லை. உடம்பு தன்னைக் காப்பாத்த ஒரு சுத்தோட இறங்கீட்டுது. ரெண்டாம் நாள் ஓடுற நெடு நிகழ்ச்சி எண்டா ஒரு சுத்து சால்கோவுக்குச் சில்லறையாவது கிடைக்கும். குறும் நிகழ்ச்சியில அது கேட்ட அங்கமே இல்லை, பூச்சியம். 95.15 எடுத்து எட்டாம் இடம். ரெண்டாம் நாள் நாலு சுத்து ஆக்ஸல் போட்டு, சுத்துக் குறைஞ்சு விழுந்து, கடைசியில நாலாம் இடம்.

அந்த ஆக்ஸல் விழுந்ததுதான் எனக்கு அந்த ஒலிம்பிக்கில ஆகப் பெரிய பாய்ச்சல். ஆரும் மறுத்துக் கதைக்க வேண்டாம், கதைச்சாலும் மாத்தமாட்டன்.

வடலி

மறுக்கேல்லை. ஆனா நாலு சுத்து ஆக்ஸலைச் சுத்தமா முதல்ல இறக்கினது அமெரிக்கப் பெடியன் இலியா மலினின், அதே ஆண்டு செப்டெம்பரில லேக் பிளாசிட்டில. அப்ப வயசு 17. ஹன்யு ஆக்ஸலுக்கு வரேக்கை வேகமும் நீளமும் பெரிசு, மூண்டு சுத்து ஆக்ஸலுக்கு அது தங்கம். நாலரைச் சுத்துக்கு வேண்டினது உயரமும், கிளம்பின உடனை கையைக் காலை ஒடுக்கிற கெதியும். மலினின் கையை மார்போட கட்டுற வேகத்தை ஒருக்கா மெதுவா ஓட்டிப் பாருங்கோ.

கணக்கு இப்பிடி. ஆகாயத்தில 0.7 செக்கன் நிக்க வேணுமெண்டா உடம்பு கிட்டத்தட்ட 60 சென்ரிமீற்றர் எழும்ப வேணும். 0.65 செக்கனுக்கு 52 காணும். இந்த அளவுக்கு மேல மனுசக் காலாலை பெரிசா எழும்பேலாது. அப்ப நேரம் கூட்ட வழியில்லை, சுத்திற வேகத்தைத்தான் கூட்ட வேணும். ஆகாயத்தில போனாப் பிறகு புதுசாச் சுத்து விசை ஒண்டும் கிடைக்காது, கிளம்பேக்கை கொண்டுபோனதுதான். ஒடுங்கினா வேகம் கூடும், விரிஞ்சாக் குறையும், அவ்வளவுதான். திரும்பவும் கிளம்புற காலுக்குத்தான் வந்து நிக்கிறம்.

நிலாவரை (புத்தூர்)

ஃபிளட்ஸுக்கு எல்லாரும் பழக்கத்தைத்தான் குறை சொல்லுவினம். சிலவேளை குற்றம் சப்பாத்திலயும் இருக்கு.

பூட்ஸின்ரை கணுக்காற் பகுதித் தோல் நாள்பட மடிஞ்சு இளகும். இளகின பூட்ஸில வெளி எட்ஜில நிமிந்து நிக்க முடியாது, பாரம் வந்த உடனை கால் உள்ளுக்கு விழும். பூட்ஸ் நல்லா இருந்தும் விழுதெண்டா பிளேட் பூட்டின இடத்தைப் பாருங்கோ. பிளேட் குதியடியில ரெண்டு மில்லிமீற்றர் தள்ளிப் பூட்டுப்பட்டாலே ஒரு பக்கம் இழுக்கும். அதாலைதான் முதல்ல நீள் துளையில ரெண்டு மூண்டு ஆணியை மட்டும் பூட்டி, ஓடிப் பார்த்து, அங்கை இங்கை நகர்த்தி, சரிவந்தாப் பிறகுதான் மற்ற ஆணியளை இறுக்கிறது. முதல் நாளே எல்லாத்தையும் இறுக்கினா பிறகு துளை அடைச்சுத் திருப்பிப் போடுற வேலைதான்.

அடுத்தது சாணை. பள்ளத்தின்ரை ஆரை அரை அங்குலத்தை ஒட்டி இருக்கும், இன்னும் பிடிப்பு வேணும் எண்டுறவை 7/16 அங்குலம் வைப்பினம். ஆரை சின்னனாக எட்ஜ் கூராப் பிடிக்கும், ஆனா வழுக்கு ஓட்டம் குறையும். ஆரை பெருக்க ஓட்டம் வரும், பிடி நழுவும். புதுச் சாணை போட்ட அண்டைக்கு எட்ஜ் கடிக்கும், அதாலை போட்டிக்கு முதல் நாள் சாணைக்குக் குடுக்கிறவை இல்லை. சில நாள் முந்திக் குடுத்து, ஓடி மழுக்கி எடுப்பினம்.

சாணை போடுறவன் அவசரக்காரன் எண்டா முன்பக்கத்தில கூடத் தேச்சுப் போடுவான். சுழற்சி எல்லாம் நிக்கிறது பல்லுக்குச் சற்றுப் பின்னால இருக்கிற சின்ன வளைவிலதான். அது தட்டையாப் போச்செண்டா சுழற்சி ஒரு இடத்தில நிக்காது, கால் ஊர்ந்து ஊர்ந்து போகும். மேல இருந்து பார்க்கிற கமராவில பனியில ஒரே புள்ளியில வட்டம் விழாமல் சுருள் சுருளா இழுபட்டிருக்கும். வீட்டில இருந்து பார்க்கிறவை "தலை சுத்தீட்டுதாக்கும்" எண்டுவினம்.

ஓடி முடிய துணியாலை துடைச்சு, துணி உறைதான் போட்டு வைக்க வேணும். பிளாஸ்ரிக் உறை நடக்கேக்கை மட்டும். அதோட பையில போட்டு வைச்சா ஈரம் உள்ளுக்க நிண்டு துரு பிடிக்கும். எங்கட ஊர்க் காத்துக்கு ஒரு இரவு காணும்.

தட்டிவான்

எங்கட ஊர்க் காத்துக்குப் பனிக்கட்டியே ஒரு இரவு தாங்காது, பிளேட்டைப் பற்றிக் கவலைப்படுறியள் 😄

நிலாவரை

தாங்கும், கரண்ட் போகாட்டில்.

பகிடிக்குச் சொன்னாலும் பனியின்ரை சூடு பெரிய விசயம். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்குப் பூச்சியத்துக்குக் கீழ 3, 4 பாகை. ஐஸ் ஹொக்கிக்கு இன்னும் குளிரா, இறுக்கமா வைப்பினம். ஒரே அரங்கில ரெண்டும் நடந்தா ஸ்கேட்டர்மார் முறையிடுறது இதாலைதான்: இறுகின பனியில எட்ஜ் இறங்காது, இறங்கேக்கை முழங்காலுக்கு அடி கூட, பல்லுக் குத்தினாச் சில்லுச் சில்லாப் பெயரும். மெழுகுற வண்டி ஊத்துறது சுடுதண்ணி. காத்துக் குமிழ் குறைவா இருக்கும், பழைய பனியோட ஒட்டும்.

செம்பருத்தி (நல்லூர்)

தம்பிமார் எல்லாரும் பாய்ச்சலிலயே நிக்கிறியள். அரைவாசிக்குக் கிட்டின புள்ளி மற்றப் பக்கத்தில, முழு ஓட்டத்துக்கும் நடுவர் போடுற கூறுப் புள்ளியில கிடக்கு.

2022-23 சீசனிலயிருந்து மூண்டு கூறு: அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன். ஒவ்வொண்டும் பத்துக்கு. அதைப் பெருக்கிற எண்ணை மட்டும் கவனியுங்கோ. ஆண்களுக்குக் குறும் நிகழ்ச்சியில 1.67, நெடுவில 3.33. பெண்களுக்கு 1.33, 2.67. அதாவது ஆண்களின்ரை நெடு நிகழ்ச்சியில இந்தப் பக்கம் ஆகக் கூடினது 99.9. மேல ஏற இடமில்லை. பாய்ச்சல் பக்கத்துக்கு அப்பிடிக் கூரை கிடையாது. மலினின் 2024 மொன்றியல் உலகப் போட்டியில நெடுவுக்கு 227.79 எடுத்தவர். இந்தப் பக்கம் முழுப் புள்ளி குடுத்திருந்தாலும் பாய்ச்சல், சுழற்சி, அடிவைப்புப் பக்கம் 127 இற்கு மேல வந்திருக்க வேணும். தராசு எந்தப் பக்கம் தாழுது எண்டு தெரியுதே.

திறன் எண்டதை எப்பிடிப் பார்க்கிறது எண்டு கேப்பியள். சத்தத்தைக் கேளுங்கோ. நல்ல எட்ஜுக்குச் சத்தம் இல்லை, 'ஸ்ஸ்' எண்டு ஒரு மெல்லிய கீறல்தான். பிளேட் கரகரக்குது எண்டா தட்டையா ஓடுது. பிறகு முழங்காலைப் பாருங்கோ. பரதத்தில அரைமண்டி ஆழமா இருந்தா மேல என்ன செய்தாலும் உடம்பு குலையாது. இதுவும் அதேதான். முழங்கால் மடிஞ்சு நிமிர, தள்ளாமலே வேகம் வரும். பிறகு எத்தினை தரம் காலைக் குறுக்கப் போட்டுத் தள்ளுகினம் எண்டு எண்ணுங்கோ. ஒரு பாய்ச்சலுக்கு முன்னுக்கு ஏழெட்டுத் தரம் குறுக்கத் தள்ளினா அது பஸ் பிடிக்க ஓடுற ஓட்டம்.

யப்பான்காரி கயோரி சகமோட்டோவை எடுங்கோ. நாலு சுத்தும் இல்லை, மூண்டு சுத்து ஆக்ஸலும் இல்லை. 2022, 2023, 2024 மூண்டு ஆண்டும் உலகப் பட்டம். அவவின்ரை லட்ஸுக்கு எட்ஜ் குறி விழுறது வழமையா இருந்தது, வடலித் தம்பி சொல்ல முந்தி நானே சொல்லிப்போடுறன். ஆனா நெடுவைத் தொடங்கேக்கை போடுற ரெண்டு சுத்து ஆக்ஸலைப் பாருங்கோ. 3.3 புள்ளிப் பாய்ச்சல்தான். அரங்கின்ரை ஒரு கரையிலயிருந்து பறந்துபோய், இறங்கினாப் பிறகும் வேகம் குறையாமல் போகும். அமெரிக்கர் ஜேசன் பிரவுண் நாலு சுத்து ஒண்டும் இல்லாமல் பெய்ஜிங்கில ஆறாம் இடம். காலாலை மட்டும் எடுத்த இடம் அது.

கடலேறி

அக்கா சொன்னது சரி, ஆனா ஒரு குறை. இறங்கினாப் பிறகு வேகம் குறையாதது ஸ்கேட்டிங் திறனுக்கு மட்டுமில்லை, தரப் புள்ளிக்கும் போகும். பாய்ச்சலுக்கு +4, +5 வேணுமெண்டா மூண்டு விசயம் கட்டாயம்: உயரமும் நீளமும் நல்லா இருக்க வேணும், கிளம்பினதும் இறங்கினதும் நல்லா இருக்க வேணும், சிரமப்படாமல் செய்திருக்க வேணும். இந்த மூண்டில ஒண்டு குறைஞ்சாலும் +3 இற்கு மேல போகக் குடாது. பாட்டோட பொருந்தினது, முன்னுக்கு அடிவைப்புப் போட்டது எல்லாம் அதுக்கு மேலதான்.

சொல்லுறன் எண்டு விட்ட விதி இதுதான். எலேன் சயக் எண்ட அமெரிக்கப் பெட்டை 1982 இல மூண்டு சுத்து டோ லூப்பைத் திரும்பத் திரும்பப் போட்டு உலகப் பட்டம் எடுத்தவ. அதுக்குப் பிறகு வந்த தடையைச் சயக் விதி எண்டுதான் இண்டைக்கும் சொல்லுறது. 2025-26 சீசனில இருந்த கணக்கு: நெடு நிகழ்ச்சியில ஏழு பாய்ச்சல் அங்கம். மூண்டு சுத்து, நாலு சுத்து வகையில ரெண்டை மட்டும் திருப்பிச் செய்யலாம், அதிலயும் நாலு சுத்து ஒண்டுதான். திருப்பிச் செய்யிறதில ஒண்டாவது கூட்டுப் பாய்ச்சலா, அதாவது இறங்கின கையோட இன்னொண்டு ஒட்டினதா, இருக்க வேணும். இல்லையெண்டா ரெண்டாவதுக்கு 70 வீதம்தான்.

இப்ப இதை ஓடிக்கொண்டிருக்கிற ஆளின்ரை தலைக்குள்ள வையுங்கோ. நாலு சுத்து டோ லூப்போட மூண்டு சுத்து டோ லூப்பை ஒட்டத் திட்டம், சுருக்கி நாலு டோ, மூண்டு டோ. முதல் நாலு டோவில கை ஊண்டிக் கூட்டு விட்டுப்போச்சு. பிறகு இன்னொரு நாலு டோ தனியா வர இருக்கு. அப்பிடியே செய்தா 9.5 இல 6.65 தான் கிடைக்கும். அப்ப ரெண்டாவதோட எதையாவது ஒட்ட வேணும். மூண்டு டோவை ஒட்டலாமோ? அது ஏற்கெனவே ரெண்டு தரம் வந்திருந்தா மூண்டாவதுக்கு ஒண்டும் இல்லை. அப்ப ரெண்டு சுத்து டோ ஒட்டுறது பாதுகாப்பு. பாட்டு ஓடுது, இதயம் 180 இல அடிக்குது, அடுத்த மூலை வர நாலு செக்கன் இருக்கு. யப்பான்காரர் நொபுனாரி ஓடா எவ்வளவு நல்ல காலுக்காரர். இந்தக் கணக்குப் பிழைச்சுப் புள்ளி விட்டதிலயும் அவர்தான் பேர்போனவர்.

அதோட கடைசி மூண்டு பாய்ச்சல் அங்கத்துக்கும் அடிப்படையில 10 வீதம் கூட. களைச்ச காலில செய்யிறதுக்குக் கூலி. அதாலை விட்ட கூட்டைக் கடைசியில ஒட்டினா நட்டத்தில கொஞ்சம் திரும்பி வரும். இதெல்லாம் தலைகீழாத் தெரிஞ்ச ஆள் அமெரிக்கர் நேதன் சென். 2018 பியோங்சாங்கில குறும் நிகழ்ச்சி சொதப்பி 17 ஆம் இடம். நெடுவில ஆறு நாலு சுத்துப் போட்டு, அண்டைய நெடுவில முதலாவதா வந்து, மொத்தத்தில அஞ்சு. 2022 இல தங்கம்.

அரிக்கன்லாம்பு

பெட்டையளின்ரை பக்கத்தில வயசெல்லை பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை?

செம்பருத்தி

திறக்கலாம். மூத்தோர் போட்டிக்குக் குறைஞ்ச வயசு முந்தி 15. பிறகு 2023-24 இல 16, 2024-25 இலயிருந்து 17. பெய்ஜிங்கில ரஷ்யப் பெட்டை வலியேவாவின்ரை ஊக்கமருந்து விவகாரம் நடந்த கையோடதான் முடிவெடுத்தவை. அவவின்ரை பெறுபேறுகளை 2024 ஜனவரியில விளையாட்டு நடுவர் மன்று ரத்துச் செய்ய, அணிப் போட்டித் தங்கம் அமெரிக்காவுக்குப் போனது.

எல்லையை ஆதரிக்கிறன். சின்ன உடம்பு, ஒடுங்கின இடுப்பு, ஆகாயத்தில கெதியாச் சுத்தும். உடம்பு வளர அந்தச் சுத்துக் கழண்டுபோகும். ரஷ்யப் பெட்டை ட்ருசோவா பெய்ஜிங் நெடுவில அஞ்சு நாலு சுத்துப் போட்டும் வெள்ளி, அதே நாட்டு ஷெர்பகோவா ரெண்டோட தங்கம். ரெண்டு பேரும் அப்ப 17. அலிசா லியு 13 வயசில அமெரிக்கப் பட்டம் எடுத்து, 16 இல விலகி, திரும்பி வந்து 2025 பொஸ்ரனில உலகப் பட்டம் எடுத்தவ. திரும்பி வந்தாப் பிறகு அவவின்ரை ஓட்டத்தில இருக்கிற ஆறுதலை 13 வயசு வீடியோவோட பக்கத்தில வைச்சுப் பாருங்கோ.

வடலி

ஒரு சின்னத் திருத்தம் மட்டும் அக்கா. சுத்துக் கழண்டுபோறது வளர்ந்ததாலை மட்டுமில்லை. சின்னனில பனியிலயே அரைச் சுத்தைத் திருப்பிப்போட்டுக் கிளம்பப் பழகினவைக்குத்தான் கெதியாக் கழரும். எட்ஜாலை எழும்பப் பழகினவைக்கு உயரம் மிச்சம் நிக்கும். யப்பான்காரி மிடோரி இட்டோ 1988 இலயே மூண்டு சுத்து ஆக்ஸல் போட்டவ, அந்த உயரத்தைப் பழைய வீடியோவிலயும் காணலாம். அதே நாட்டு மாவோ அசாடா 2010 வான்கூவரில குறும், நெடு ரெண்டிலயும் சேர்த்து மூண்டு மூண்டு சுத்து ஆக்ஸல், வயசு 19. அப்பிடியும் தென் கொரியாவின்ரை கிம் யுனா 228.56 எடுத்துத் தங்கம் கொண்டு போனவ. கிம்மின்ரை லட்ஸில எட்ஜ் எப்பிடி எண்டு இந்த இழையில ஆரும் கேக்கத் தேவையில்லை. லட்ஸ் எப்பிடி இருக்க வேணும் எண்டதுக்கே அதைத்தான் காட்டுறது.

தட்டிவான்

சரி, பார்க்கத் தொடங்கப் போறன். எங்க, எத்தினை மணிக்கு?

கடலேறி

இளையோர் கிராண்ட் பிரிக்ஸிலயிருந்து தொடங்குங்கோ. ஓகஸ்ட் கடைசியில வரும், சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின்ரை யூடியூப்பில காசில்லாமல் நேரடியாப் போகும். மூத்தோர் கிராண்ட் பிரிக்ஸ் ஒக்டோபர், நவம்பரில ஆறு கிழமை. அதில முன்னுக்கு வந்த ஆறு பேர் டிசெம்பரில இறுதிக்கு. உலகப் போட்டி மார்ச்.

நேரம்: யப்பான் எங்களுக்கு மூண்டரை மணித்தியாலம் முன்னுக்கு, பின்னேரம் முடிஞ்சிடும். ஐரோப்பா மாரியில நாலரை பின்னுக்கு, இரவுச் சாப்பாட்டோட பார்க்கலாம். பொஸ்ரன் போல எண்டா மார்ச்சில அங்க இரவு 7 இங்க விடிய 4.30. முடிஞ்ச கையோட ஒவ்வொருத்தரின்ரை புள்ளித் தாளும் இணையத்தில வரும். அதை இறக்கி வைச்சுக்கொண்டு வீடியோவை ரெண்டாந்தரம் பாருங்கோ. முதல்தரம் தாள் இல்லாமல்.

தட்டிவான்

ஒரு இளையோர் வீடியோ பார்த்தன். மூண்டு சுத்து லட்ஸ், ஒட்டி மூண்டு சுத்து டோ லூப். லட்ஸ் எட்ஜ் வெளியிலதான் நிண்டது, அது தெரிஞ்சுது. ரெண்டாவது இறங்கேக்கை பனி பக்கத்துக்குச் சிதறினது. அது என்ன குறி?

வடலி

கெட்டிக்காரன், ரெண்டாவதிலதான் எப்பவும் விழும். முதல் பாய்ச்சல் இறங்கேக்கை வேகம் போயிடும், டோ லூப்புக்கு உயரம் காணாது.

வீடியோ வேகத்தைக் கால்வாசியாக்கி, பல்லு முதல் தொடுற பிரேமில நிப்பாட்டுங்கோ. பிளேட் எந்தத் திசையில கிடக்குது எண்டு பாருங்கோ. ஓடுற வழிக்கு நேர் பின்னோக்கி இருந்தா முழுசு. ஓடுற வழிக்குச் சரி குறுக்க, செங்கோணத்தில கிடந்தா கால் வட்டம் குறைவு, க்யூ குறி. அடிப்படை குறையாது, தரப் புள்ளியில அடி. அதையும் தாண்டி முன்னோக்கித் திரும்பிக் கிடந்தா '<'. பனி பக்கத்துக்குச் சிதறினா இந்த ரெண்டில ஒண்டு, சிதறல் மட்டும் வைச்சு எதெண்டு சொல்லேலாது. கமரா எந்த மூலையில நிக்குது எண்டதையும் கணக்கில எடுங்கோ, தொழில்நுட்பக் குழு பார்க்கிறது டிவிக்காரன்ரை கமராவை இல்லை.

தட்டிவான்

நிப்பாட்டிப் பார்த்தன். சரி குறுக்க கிடக்கு. க்யூ.

செம்பருத்தி

அதே வீடியோ எண்டா 1 நிமிடம் 12 செக்கனில தானே? குறுக்க இல்லை, தாண்டீட்டுது. '<'.

கடலேறி

தாள் வந்திட்டுது. க்யூ. ஆனா லட்ஸுக்கு '!' போட்டிருக்கினம்.

தட்டிவான்

லட்ஸுக்கோ? நிண்டதைக் கண்ணாலை கண்டனே.

வடலி

குத்த முந்தின பிரேமை இல்லை, குத்தின பிரேமைப் பாருங்கோ.